மத்தியானங்களில் நான் ஆடிய உன் ஆட்டம்

கண்ணு,

இதை நேரில் சொல்லாமல் எழுதி ஏன் மைமூன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று உனக்குத் தோன்றும். நேரில் என்றால் நான் ஆரம்பிப்பேன், நீ "சரீங்கம்மா, சரீங்கம்மா" என்பாய், உன் அப்பா நடுவில் வந்து நூல் இன்னும் வரவில்லை என்பார், மூன்று பேரும் காப்பியைக் குடித்துவிட்டு அவரவர் வேலைக்கு எழுந்து போய்விடுவோம். நம் வீட்டில் எந்தப் பெரிய பேச்சும் முடிந்ததே இல்லை. எட்டாவதோடு நின்றவளின் எழுத்து, முன்னே பின்னே இருக்கும். நிதானமாகப் படி. மெஷின் பக்கத்தில் வைத்துப் படிக்காதே, எண்ணெய் பட்டுவிடும்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை உள்ளே வைத்துக்கொண்டு மற்றதை எழுத முடியாது. போன மாதம் அவிநாசிபாளையம் ரோட்டில் ஷெட்டைப் பிடித்து, பன்னிரண்டு தையல் மெஷினை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாய். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாய். "அம்மா, செக்கிங்குக்கு மைமூன் பெரிம்மாவ வரச் சொல்லியிருக்கறனுங்க. நீங்க வர வேண்டாங்க." அவ்வளவுதான். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நல்லூரில் நம் முன்னறை மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் ட்யூப்லைட்டுக்கு நேரே விரித்து, விட்ட தையல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எல்லாம் பார்த்து, பிழை இருக்கும் இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவதுதான் செக்கிங். எனக்கு எதிரில் அதே மேசையில் அதே இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் மைமூன் அக்கா. உன் யூனிட்டில் அவளுக்கு நாற்காலி உண்டு, பெற்றவளுக்கு இல்லை. ஒரு வாரம் பாத்திரம் எல்லாம் என் கையில் அடி வாங்கியது. உன் அப்பா தட்டில் இருந்து தலையைத் தூக்காமல், "ரசத்துல உப்பே இல்லீங்களே" என்றார். "உப்பெல்லாம் உங்க பையன் யூனிட்டுக்குப் போயிருச்சுங்க" என்றேன். அவர் அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

அப்புறம் ஒரு நாள், உனக்குக் கொடுத்தனுப்பலாம் என்று பழைய கத்தரிக்கோல்களைத் தேடி லாஃப்டில் ஏறினேன். கோபம் ஒரு பக்கம், உனக்கு நல்ல கத்தரிக்கோல் வேண்டுமே என்பது ஒரு பக்கம். கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி, சணல் கயிறு கட்டிய ஒரு பெட்டி கிடைத்தது. பிரித்தால் உன் டிவி கேம். அதன் வாயில் அந்த ஒரே கேசட் செருகினபடியே இருந்தது. நான் அங்கேயே ஸ்டூல் மேல் நின்றுகொண்டு அந்தப் பாட்டை முனகினேன். உனக்கு நினைவிருக்கும், ஊருக்குள் நுழைந்ததும் வருமே, அந்தப் பாட்டு. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஒரு இடம் விடாமல் வந்தது.

நீ ஆறாவது படிக்கும்போது மைமூன் அக்காவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வரும்போது இந்த டிவி கேமைக் கொண்டுவந்தார். அவர் பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. சுடுகிற ஆட்டம், ஓடுகிற ஆட்டம் என்றால் ஆடுவார்கள். இதில் ஒருவன் தனியாக நடந்துகொண்டே இருப்பான். எதிரில் வருகிறவர்களிடம் பேச வேண்டும், எழுத்தைப் படிக்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். "உம்பையன்தான் பொறுமையானவன், வெச்சுக்கட்டும் கண்ணு" என்று அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். நம்முடைய பழைய கருப்பு வெள்ளை டிவியில் உன் அப்பா ஒயரைச் சொருகினார். திரையில் ஒரு கோட்டை, அதற்குக் கீழே ஒரு சின்ன ஊர், சுற்றிலும் புல், அப்புறம் கடல். எல்லாம் சாம்பல் நிறம். இங்கிலீஷில் அந்த ஊர்களுக்கு என்னென்னவோ பெயர். நாம் படிக்க முயன்று, சிரித்து, கடைசியில் நம் பெயர்களையே வைத்துவிட்டோம். முதல் ஊர் நல்லூர். பாலத்தைத் தாண்டினால், களைத்து வந்தவன் படுத்து எழுகிற சத்திரம் உள்ள ஊர் அவிநாசிபாளையம். கத்தியும் கேடயமும் செய்கிற ஊரில் எந்நேரமும் டங்கு டங்கென்று சத்தம் கேட்கும், அது விசைத்தறி ஓடுகிற சோமனூர். கால் வைத்தால் உயிர் குறைகிற ஒரு சதுப்பு வரும். அதற்கு நீ ஒரு விநாடிகூட யோசிக்காமல் நொய்யல் என்று பெயர் வைத்தாய். ஒரு தடவை தாராபுரம் பஸ்ஸில் போகும்போது என் மடியில் சாய்ந்துகொண்டு, "அம்மா, இங்க எறங்குனா வௌவால் வருமுங்களா?" என்று கேட்டாய். எனக்கும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். அந்த ஆட்டத்தை உன்னைவிட அதிகமாக ஆடியவள் நான்.

நீ பள்ளிக்கூடம் போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்துவார்கள். அந்த ஒரு மணி நேரம் வீடு முழுவதும் ஒரு விதமான அமைதி வரும். பஞ்சுத் தூசி ஜன்னல் வெளிச்சத்தில் கீழே இறங்கவும் மனசில்லாமல், மேலே போகவும் மனசில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு நாள், டிவி மேல் தூசி தட்டப் போனவள், அவன் எங்கே நிற்கிறான் பார்ப்போம் என்று பட்டனை அமுக்கினேன். முந்தின நாள் சாயங்காலம் நீ அழுதிருந்தாய். ஒரு குகைக்குள் போகிறதும் செத்துத் திரும்புகிறதுமாக எட்டுத் தடவை. எனக்கு அது பொறுக்கவில்லை. அவனை நல்லூருக்கு வெளியே புல்வெளியில் வட்டமாக நடக்க விட்டேன். நாலு எட்டுக்கு ஒரு வௌவால், ஆறு எட்டுக்கு ஒரு தேள். அடித்தால் சாகும். இருபது செத்தால் ஒரு சின்ன மேளச் சத்தம் வந்து அவனுக்கு ஒரு லெவல் ஏறும். அவ்வளவு சுலபம். பிறகு சத்திரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். படுத்து எழுந்தால்தான் அந்த கேசட்டில் பதிவாகும் என்பது நீ சொல்லித் தெரியும். டிவியை அணைத்துவிட்டு, சூடு ஆறட்டும் என்று அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டேன்.

சாயங்காலம் வந்தாய். "அம்மா! நேத்து எட்டாவது லெவலுங்க. இன்னிக்கு ஒம்பதுன்னு காட்டுது!" பொய் சொல்லப் பழகாதவளுக்கு அன்றைக்கு எங்கிருந்து அப்படி ஒரு பொய் வந்ததோ. "ராத்திரி சத்தரத்துல தூங்குனானல்ல சாமி, தூங்குனா பலம் வருமுல்ல. அதுக்குத்தான் உன்னயும் நேரத்துல தூங்கச் சொல்றது" என்றேன். நீ நம்பினாய். அதன் பிறகு தினமும் ஆட்டத்தை நிறுத்துவதற்கு முன்னால் அவனைச் சத்திரத்துக்கு நடத்திக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, திரைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "நல்லாத் தூங்குடா" என்று சொல்வாய். நீயும் போய்ப் படுத்துக்கொள்வாய். எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் மத்தியானம் மறுபடி புல்வெளிக்குப் போவேன்.

ஒன்றரை வருஷம் போனேன். அந்த மத்தியானங்கள் எல்லாம் இப்போது ஒரே மத்தியானமாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. ஒரு கையில் சோற்றுத் தட்டு, ஒரு கையில் அந்தப் பட்டன் பெட்டி. அவன் நடக்க நடக்க நானும் எங்கேயோ நடந்துகொண்டிருப்பேன். கல்யாணமாகி நல்லூருக்கு வந்தவள் அதைத் தாண்டி அதிகம் போனதில்லை. அங்கே மலையைச் சுற்றினேன், பாலம் தாண்டினேன், கடலோரமாக ஒரு மத்தியானம் முழுவதும் நடந்தேன். சில நாள் அடிக்க ஒன்றும் வராது. அவன் சும்மா நிற்பான், அலை சும்மா வந்து வந்து போகும், நானும் சும்மா உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது, எந்த ஊரில் இருக்கிறேன் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடாது. ஒரு நாள் உன் அப்பா பூட்டுச் சாவியை மறந்து திரும்பி வந்துவிட்டார். "என்ன பண்ணீட்டு இருக்கறீங்க?" என்றார். "பையனுக்கு ஒரு வேலை கெடந்துச்சுங்க" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எடது பக்கம் இன்னொண்ணு வருது பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனிதர் இதுவரை உன்னிடம் மூச்சு விட்டதில்லை.

மைமூன் அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து சண்டை போடுவாள். "ஏங்கண்ணு, பையனுக்குக் காய்ச்சல்னா நீ மாத்தர போட்டுக்குவியா?"

"அவன் அழுகறானுங்கக்கா."

"அழுகட்டுமே. அழுதா என்ன, கரஞ்சா போயிருவான்?"

எனக்கு அவள் பேச்சு பிடிக்கவில்லை. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், கை கொஞ்சம் கடினம். செக்கிங்கிலும் ஒரு தையல் விட்டிருந்தால் போதும், பட்டென்று ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவர் மடியில் போட்டுவிடுவாள். நான் அப்படி இல்லை. தெரிந்த பெண், பாவம், வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால் ஊசியை எடுத்து நானே சரி செய்து நல்ல பீஸ்களோடு வைத்துவிடுவேன். அதை நான் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேசையைத் தாண்டிப் போகிற பெண்களுக்கு என்னைப் பிடிக்கும் என்பதில் ஒரு பெருமையும் இருந்தது.

நீ ஏழாவது முடிக்கிற சமயம், கடைசிக் கோட்டைக்குள் போனாய். அது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியாது, எனக்கு இருக்கிறது. என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாய். விளக்கை அணைத்தாய். அந்த அசுரன் திரை முழுவதும் எழுந்து நின்றான். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி அடித்தாய், இன்னொன்று, இன்னொன்று. அவன் செத்துவிட்டான். அவன் கை உன்மேல் படக்கூட இல்லை. ஊர் ஊராக மேளம் கொட்டினார்கள். நீ பட்டன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்ளோதானுங்களாம்மா?" என்று கேட்டாய். "ஜெயிச்சுட்டியே சாமி" என்று நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். உன் உடம்பு என் கைக்குள் வரவில்லை. சும்மா நின்றது. மறுநாளிலிருந்து நீ அதைத் தொடவில்லை. குழந்தைக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். நானும் விட்டுவிட்டேன். உனக்காக அல்லாமல் எனக்காக ஆடுவது வெட்கமாக இருந்தது.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

பன்னிரண்டாவது முடித்த லீவில் நீ அப்பாவின் ஷெட்டில் மெஷினில் உட்கார்ந்தாய். கோயமுத்தூர் காலேஜில் இடம் கிடைத்த கடிதம் டிவி மேல் இருந்தது. அந்த வாரம் ஒரு கம்பெனிக்கு சாம்பிள் பீஸ் ஒன்று கேட்டிருந்தார்கள். டைலர் வரவில்லை. "நான் தைக்கறனுங்க" என்று நீயே உட்கார்ந்தாய். உடம்பு, கை, அடி மடிப்பு எல்லாம் நன்றாகவே வந்தது. கழுத்துப் பட்டை மட்டும் சரியாக வரவில்லை. பட்டைக்கான ரிப் துணியை ஒரு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் தளர்த்திப் பிடித்திருந்தாய், கழுத்து அலையலையாக நின்றது. அது பெரிய குற்றம் இல்லை கண்ணு, புதுக் கை எல்லாருக்கும் அப்படித்தான் வரும். மேசை மேல் வைத்துவிட்டு நீ சாப்பிடப் போனாய். அதே மத்தியானம், அதே அமைதி, அதே தூசி. நான் கழுத்துத் தையலை முழுக்கப் பிரித்தேன். உன் மெஷினிலேயே உட்கார்ந்து மறுபடி தைத்தேன். அயர்ன் போட்டு மடித்து, நீ வைத்த இடத்திலேயே வைத்தேன். நாலு மணிக்கு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாம்பிள் ஓகே என்று அட்டை கட்டித் திரும்பி வந்தது. நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு அப்பாவிடம், "எனக்குக் கை வருதுங்கப்பா. காலேஜ் வேண்டாங்க, தொழிலே பாக்கறனுங்க" என்றாய். அவருக்கு வாயெல்லாம் பல். நான் அடுப்படி நிலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அது என் தையல் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் முகம் வாடிப் போகுமே என்று பயம். அதைவிட, மறைக்காமல் சொல்கிறேன், நீ கோயமுத்தூருக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பாய் என்று ஒரு சந்தோஷம். அந்தக் காலேஜ் கடிதத்தை நான்தான் எடுத்து பீரோவில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் நீ தைத்த பீஸும், உன் லைன் ஆட்கள் தைத்த பீஸும் என் கையைத் தாண்டித்தான் போயின. அக்கா பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஒன்றில்கூட ஸ்டிக்கர் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் ஊசியால் நானே ஒப்பேற்றினேன். அப்புறம் நீ பெரிய கம்பெனிக்கு லைன் இன்சார்ஜாகப் போனாய். போன வருஷம் அங்கே ஒரு ஷிப்மென்ட் முழுவதும் கழுத்து அலை என்று ரிஜெக்ட் ஆனது. நீ மூன்று நாள் சவரம் பண்ணாமல் வந்து உட்கார்ந்திருந்தாய். "நம்ம ஊட்டுல ஒரு பீஸ்கூட ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வந்ததில்லீங்களேம்மா. அங்க மட்டும் எப்படிங்க?" என்று கேட்டாய். நான் "கண்ணு பட்டிருச்சு" என்று சொல்லி மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கழுத்து அலை எப்படி இருக்கும் என்று உன் கண்ணுக்குத் தெரியாமல் வளர்த்தவளே நான்தான். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

லாஃப்டிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கிய நாளுக்கு வருகிறேன். ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கேசட்டுக்குள் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறதாம், பதிவெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறதாம், எந்த நாள் வேண்டுமானாலும் தீர்ந்து போகலாமாம். திறந்து மாற்றினாலும் அழிந்துவிடுமாம். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் புது டிவியில் ஒயரைச் சொருகச் சொன்னேன். கண்ணு, கடல் நீலம்! புல் பச்சை, மண் சிவப்பு, நொய்யல் ஊதா. பழைய டிவி புகைந்துபோன பிறகு நாம் கலர் டிவி வாங்கினோம், அதில் இதை யாரும் போட்டுப் பார்க்கவில்லையே. அவன் வெள்ளைப் பனியன் போட்டிருக்கிறான் என்றே ஒன்றரை வருஷமும் நினைத்திருந்தேன். மாம்பழ மஞ்சளில் சட்டை போட்டிருக்கிறான். தலைமுடி சிவப்பு. நான் அடித்துக் கொன்ற தேள்களெல்லாம் என்ன அழகான பச்சை தெரியுமா? உன் அப்பாவும் நானும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ரெண்டு நாள் மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சும்மா நடந்தேன். அவன்தான் அசுரனையும் கொல்லப் போதுமான பலத்தில் இருக்கிறான். எந்த வௌவாலும் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த உலகத்தில் அவனுக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை. ரெண்டாம் நாள் எனக்கே சலித்துப் போனது. அப்போதுதான் நீ "இவ்ளோதானுங்களாம்மா" என்று கேட்ட முகம் வந்து முன்னால் நின்றது.

மூன்றாம் நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கியதும் முதலில் மூன்று வரி வரும், எந்த ஆட்டம் வேண்டும் என்று கேட்கும். நான் எப்போதும் பார்க்காமலே முதல் வரியை அமுக்கிவிடுவேன். அதில் நான் உன்னைக் கூப்பிடுகிற வீட்டுப் பெயர் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் காலி என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்தால் இரண்டாவது வரியில் ஒரு பெயர் இருக்கிறது. அட்டைப் பெட்டிகளில் சைஸ் படித்தே இங்கிலீஷ் எழுத்து பழகியவள் நான், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். உன் பள்ளிக்கூடப் பெயர். ரிஜிஸ்டரில் இருக்கிற உன் முழுப் பெயர்.

திறந்து பார்த்தேன். கடைசிக் கோட்டைக்குப் பக்கத்து ஊரில், சத்திரத்தில் நிற்கிறான். லெவல் பதினாலு. நான் வளர்த்தவனுக்கு முப்பது. இவனுக்குச் சட்டையெல்லாம் மட்டம், கத்தி சுமார், உயிர் பாதிதான். இந்த லெவலில் அந்த மலையை எப்படித் தாண்டினான், அந்தக் குகையில் எத்தனை தடவை செத்துச் செத்து எழுந்தான்? நான் ஒரு வருஷம் கம்பெனிக்குச் செக்கிங் சூப்பர்வைசராகப் போய் வந்தேனே, நீ ஒன்பதாவது. வீட்டில் மத்தியானமும் சாயங்காலமும் நான் இல்லாத வருஷம். அந்த வருஷம்தான் தொடங்கியிருக்கிறாய். முதலிலிருந்து, தனியாக, என்னிடம் சொல்லாமல். அந்த வருஷக் கடைசியில்தான் பழைய டிவி புகைந்தது. அதனால்தான் அவன் அங்கேயே நிற்கிறான்.

தூங்கினால் பலம் வராது என்று உனக்கு எப்போது தெரிந்தது கண்ணு? ஒன்பதாவதிலா? அல்லது அந்த அசுரன் மூன்று அடியில் விழுந்த அன்றைக்கேவா? சாம்பிள் கழுத்தை அவ்வளவு நேரம் பார்த்தாயே, அதுவும் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் எனக்காக "கை வருதுங்கப்பா" என்று சொன்னாயா? இதையெல்லாம் யோசித்து யோசித்து, நீ கை கழுவிக்கொண்டு முதுகைக் காட்டிச் சொன்னதற்கு வந்து சேர்ந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. நான் அழுவேன் என்று பயந்திருக்கிறாய். என்னையே மாதிரி இருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அழுதேன்தான். அக்கா வந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அதே பேச்சைப் பேசினாள். "கரஞ்சா போயிட்ட?" என்றாள். பிறகு அவளே டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

அந்தப் பதினாலாம் லெவல்காரனை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவாயா? விரல் அரித்தது. வாசலுக்கு வெளியே புல்வெளி, நாலு வட்டம் நடந்தால் பதினைந்து, நாலு நாள் நடந்தால் இருபது. ஒருவருக்கும் தெரியாது. சத்திரத்தில் படுக்க வைத்துவிட்டால் முடிந்தது. பட்டனில் கட்டை விரலை வைத்துக்கொண்டு, மெஷின் மறுபடி ஓட ஆரம்பிக்கும் வரை அப்படியே இருந்தேன். அமுக்கவில்லை. டிவியை அணைத்தேன், ஒயரைப் பிடுங்கினேன். உன்னைப் பெற்றதற்கு அப்புறம் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

உன் யூனிட்டுக்கு நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, மனசறிந்து சொல்கிறேன். மைமூன் அக்கா ஒட்டுகிற ஸ்டிக்கரை நீயும் பார், உன் ஆட்களையும் பார்க்க விடு. அவள் முகம் கடுகடுவென்று இருந்தாலும் பொருட்படுத்தாதே, மத்தியானம் அவளுக்கு மோர் மட்டும் வேளாவேளைக்குக் கொடுத்துவிடு. யாராவது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆல்ட்ரேஷன் தைத்தால், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடு, ஆனால் பீஸை வாங்கி நீ தைத்துவிடாதே. நாளைக்குக் கல்யாணமாகி உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, செத்துச் செத்து விளையாடி அழுதால், நான் அங்கே இருந்தால் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விடு. வியாழக்கிழமை யூனிட் திறந்து பால் காய்ச்சுவதற்கு மட்டும் வருவேன். அதற்கும் வேண்டாம் என்றால் நடக்கிற கதையே வேறு.

அக்காவிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். அதில் டிவி கேம் இருக்கிறது. பேட்டரி இருக்கும்போதே போட்டுவிடு. இரண்டாவது வரியில் இருப்பவன் நீ விட்ட இடத்தில்தான் நிற்கிறான், நான் ஒரு எட்டுகூட நகர்த்தவில்லை. தோற்றால் தோற்றுப் போ, எனக்குச் சொல்லி அனுப்பு, நான் அங்கே வந்து நிற்க மாட்டேன். அதற்கு அடியில் காலேஜ்காரர்கள் போட்ட கடிதம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதும் உன் இஷ்டம். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த சாம்பிள் பனியன். ஓகே அட்டையைக் கழற்றிவிட்டேன். கழுத்தில் இருந்த என் தையலை ஒரு நூல் விடாமல் பிரித்துவிட்டு, இடது தோள் பக்கம் ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஆறு வருஷம் தாமதம்தான். தைத்தவனுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

அம்மா